பலகையும் சப்பாத்தும்: பனிமலையில் யாருடைய தெரிவு?

விளையாட்டுச் செய்தி எழுதும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வென்றவர் யார், எத்தனை புள்ளி, எத்தனை செக்கன் என்பதோடு கதையை முடித்துவிடுவோம். வென்றவர் காலில் என்ன அணிந்திருந்தார், அதை அவருக்கு யார் கொடுத்தார்கள், வேறொன்று இருக்க அதை ஏன் அணிந்தார் என்றெல்லாம் கேட்பதில்லை. எங்கள் நாட்டில் கிரிக்கெற் ஒன்றுதான் இதற்கு விதிவிலக்கு. மட்டையின் நிறையையும் மரத்தையும் பற்றிப் பாடசாலைப் பையன்கள்கூட மணிக்கணக்கில் வாதிடுவார்கள். நான் இங்கே எழுத முற்படுவதோ, நுவரெலியாவில் எப்போதாவது புல்லின்மேல் படியும் உறைபனியைத் தவிர வேறு பனி காணாத நாட்டவனுக்குத் தூரத்து விளையாட்டொன்றைப் பற்றி. ஸ்னோபோர்ட் எனப்படும் பனிச்சறுக்குப் பலகையும் அதனோடு ஒருவன் மலைக்குக் கொண்டுசெல்லும் தளபாடங்களுமே விடயம்.

தூரத்து விளையாட்டு என்றேன். அது அவ்வளவு சரியன்று. சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் வளரும் எங்கள் பிள்ளைகளிற் பலருக்குப் பனிமலை இன்று பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதி. சுவிற்சர்லாந்தில் பல பாடசாலைகள் குளிர்காலத்தில் மாணவரை ஒரு வாரத்துக்கு மலைமுகாமுக்கு அழைத்துச் செல்கின்றன. ஸ்கீயா பலகையா என்ற கேள்வி அங்கே சாப்பாட்டு மேசையில் எழுகிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கீ என்பது ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு ஒடுங்கிய சறுக்குகட்டைகள், கைகளில் ஊன்றுகோல்கள், முகம் பள்ளத்தை நோக்கியிருக்கும். பனிப்பலகை ஒன்றேதான். ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளம், கால் மீற்றர் அகலம். இரு பாதங்களும் அதன்மேல் குறுக்காகப் பூட்டப்படும். கைகள் வெறுமையாக இருக்கும். உடல் பக்கவாட்டில் நின்றபடி இறங்கும்.

இந்த விளையாட்டுக்கு வயது அறுபதுதான். ஆகவே அதன் ஒவ்வொரு உறுப்பும் எவர் கையில், எந்த ஊரில், எந்த ஆண்டில் பிறந்தது என்பதை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். அப்படித் தேடிக்கொண்டு போனபோது எனக்குப் புலப்பட்டது, இதன் வரலாறு முழுவதும் ஒரே வழக்கின் நீண்ட விசாரணை என்பதுதான். பனியில் இறங்குபவன் தன் காலுக்கடியில் எதை வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? மலைக்குச் சொந்தக்காரனுக்கா, பலகை செய்யும் கொம்பனிக்கா, போட்டி நடத்தும் சம்மேளனத்துக்கா, அல்லது இறங்குபவனுக்கேயா?

வழக்கு ஒரு நத்தார் தினத்தில் தொடங்குகிறது. 1965 டிசம்பர் 25. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏரிக்கரை நகரான மஸ்கீகனில் ஷேர்மன் பொப்பன் என்ற பொறியியலாளர் வாழ்ந்தார். மனைவி நான்சி கர்ப்பிணி. வீட்டுக்குள் அமர்க்களம் செய்த மகள்மாரை வெளியே கொண்டுபோய் விளையாடவிடும்படி அவர் கணவனிடம் சொன்னார். பொப்பன் இரண்டு ஸ்கீக் கட்டைகளை அருகருகே வைத்துக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்தார். பிள்ளைகள் அதன்மேல் நின்றபடி வீட்டின் பின்னாலுள்ள மேட்டில் சறுக்கினார்கள். பனிக்கும் கடலலைச் சறுக்கலுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து ‘ஸ்னேர்ஃபர்’ என்று அதற்குப் பெயர் வைத்தவர் நான்சிதான். அடுத்த ஆண்டே பிறன்ஸ்விக் கொம்பனி அதைத் தயாரிக்கும் உரிமத்தைப் பெற்றது. இலட்சக்கணக்கில் விற்றது.

ஆனால் அது விளையாட்டுச் சாமான் கடையில் விற்பனையான பொருள். பாதத்தைப் பிடிக்கும் பூட்டு எதுவுமில்லை. கால் வழுக்காதிருக்க மேற்பரப்பில் உலோகக் கம்பி ஊசிகள் அடித்திருந்தார்கள். முனையில் ஒரு கயிறு. மாட்டைப் பிடிப்பதுபோல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். சிறுவர்களுக்கு அது போதும் என்று கொம்பனி எண்ணியது. 1968 முதல் மஸ்கீகனில் போட்டிகளும் நடந்தன. அந்தப் போட்டிகளுக்கு வந்த இளைஞர்கள்தான் அது போதாது என்று முதலில் சொன்னவர்கள்.

அவர்களுள் ஒருவர் ஜேக் பேர்ட்டன் காப்பென்ரர். பதினான்கு வயதில் ஸ்னேர்ஃபர் பெற்றவர். 1977 இல் நியூயோர்க்கில் பார்த்த வேலையை விட்டு வேர்மொன்ற் மாநிலத்தின் லண்டன்டெரி என்ற சிற்றூருக்குப் போனார். இரவில் மதுச்சாலையில் வேலை, பகலில் மரமும் பசையும். ஏறக்குறைய நூறு மாதிரிகளைச் செய்து பார்த்தார் என்பார்கள். அவர் செய்த முக்கிய மாற்றம் சிறியது: பாதத்தைப் பலகையோடு பிணைக்கும் ஒரு வார். 1979 இல் அந்தப் பலகையோடு மிச்சிகனில் நடந்த ஸ்னேர்ஃபர் போட்டிக்குப் போனார். மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். ‘இது ஸ்னேர்ஃபர் அல்ல; காலைப் பூட்டியவனோடு நாங்கள் எப்படிப் போட்டியிடுவது?’ ஏற்பாட்டாளர்கள் ஒரு சமரசம் கண்டார்கள். மாற்றியமைத்த பலகைகளுக்கெனத் தனிப் பிரிவொன்றை உருவாக்கினார்கள். அதில் போட்டியிட்டவர் ஒருவர் மட்டுமே. வென்றவரும் அவரே. பத்திரிகைக்காரன் சிரிக்கக்கூடிய செய்திதான். ஆயினும் அந்தத் தனிப் பிரிவு வளர்ந்து முழு விளையாட்டாகியது. மற்றப் பிரிவு மறைந்தது.

பேர்ட்டன்தான் கண்டுபிடித்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. அது மற்றிருவருக்கு இழைக்கும் அநீதி. நியூஜேர்சியில் ரொம் சிம்ஸ் என்ற பையன் 1963 இலேயே பாடசாலைத் தச்சு வகுப்பில் பனிக்கென ஒரு பலகை செய்திருந்தான். மேலே கம்பளத் துண்டு ஒட்டி, கீழே அலுமினியத் தகடு அடித்த பலகை. பின்னர் கலிபோர்னியா சென்று சக்கரப் பலகை வீரராகவும் அதைத் தயாரிப்பவராகவும் பேரெடுத்தார். 1985 இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படத்தில் ரோஜர் மூருக்காகப் பனியில் பலகையோட்டியவர்களுள் அவரும் ஒருவர். மற்றவர் டிமித்ரியே மிலோவிச். யூட்டா மாநிலத்தின் ஆழ்ந்த பொடிப்பனிக்கெனத் தகைவிலான் குருவியின் வால்போலப் பின்புறம் பிளந்த பலகைகளை 1970களில் ‘விண்ரர்ஸ்ரிக்’ என்ற பெயரில் செய்தார். பின்கால் தாழ, முன்முனை பனிக்குமேல் மிதக்கும். 1980களில் அத்தொழிலை விட்டுப் பொறியியலுக்குத் திரும்பிவிட்டார். இன்று பொடிப்பனிக்கென விற்கப்படும் பலகைகளைப் பாருங்கள். பலவற்றில் அவருடைய வால்.

மூவரும் செய்தது ஒன்றுதான். கடையில் கிடைத்தது தம் மலைக்குப் பொருந்தவில்லை. தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டார்கள்.

இனி மலைக்காரர்களின் கட்டம். மின்தூக்கிகள் உள்ள ஸ்கீ மலைகள் 1980களின் முற்பகுதியில் பலகைகளை உள்ளே விடவில்லை. காப்புறுதி இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இரண்டு உறுதியான சறுக்குகட்டைகளோடு கௌரவமாக இறங்கும் வாடிக்கையாளர் நடுவே, கிழிந்த காற்சட்டைப் பையன்கள் வேண்டாம் என்பது சொல்லப்படாத காரணம். வேர்மொன்றின் ஸ்ராற்றன் மலை 1983 இல் இடம் கொடுத்தது. பல இடங்களில் நிபந்தனைகள் இருந்தன: முதலில் பரீட்சை எழுதுவதுபோல் இறங்கிக் காட்டி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும்; பலகை கழன்று தனியே பாய்ந்து எவரையும் வெட்டாதபடி முன்காலோடு அதை வாரினால் பிணைத்திருக்கவேண்டும்.

இந்த அனுமதிதான் பலகையின் உடலையே மாற்றியது. மின்தூக்கி இல்லாத மேட்டில் பொடிப்பனி இருக்கும். இயந்திரத்தால் அழுத்தப்பட்ட ஸ்கீப் பாதையிலோ பனி கல்லாய் இறுகியிருக்கும். மரவிளிம்பு அதைப் பிடிக்காது. எனவே ஸ்கீயிடமிருந்து உருக்கு விளிம்பு கடன் வாங்கப்பட்டது. அடியில் பொலித்தீன் வகைத் தகடு, நடுவில் மரம், மேலும் கீழும் கண்ணாடி இழை என்ற இன்றைய அமைப்பு இவ்வாறு உருவானது. உருக்கு விளிம்பை வளைவில் ஊன்றும்போது குதிக்கால் பின்னால் சாய ஆதாரம் வேண்டும். ஜெஃப் கிறெல் என்பவர் 1980களின் முற்பகுதியில் பூட்டின் பின்புறத்தில் கணுக்காலுக்கு மேல் உயரும் ஒரு முதுகுத் தகட்டை வைத்தார். நாற்காலிக்கு முதுகு வைத்ததுபோல. அதன்பின் மென்மையான சப்பாத்தோடு கடும் பனியில் திரும்ப முடிந்தது.

சப்பாத்து என்றேன். அதற்கென ஒரு சப்பாத்து அப்போது இருக்கவில்லை. கனடாக்காரர் பனி அள்ளும்போது போடும் சொரெல் றப்பர்ச் சப்பாத்தை வாங்கி, அதன் உள்ளுறையை எறிந்துவிட்டு, ஸ்கீச் சப்பாத்தின் உள்ளுறையைத் திணித்து, வெளியே ஒட்டுநாடா சுற்றிக்கொண்டார்கள். ஐரோப்பியர் வேறு வழியிற் போனார்கள். ஸ்கீயில் ஊறிய அவர்களுக்கு வன்சப்பாத்தும் தகட்டுப் பூட்டும் இயல்பாகப்பட்டன. இரு பாதங்களும் முன்னோக்கிக் கூர்மையாகத் திருப்பப்பட்டு, ஒடுங்கிய நீண்ட பலகையில் கத்தி கீறுவதுபோல் இறங்கினார்கள். இன்றும் சமாந்தர ராட்சத ஸ்லாலம் ஓடுபவர்கள் அணிவது அதுவே. அரைக்குழாய் வடிவப் பனிச்சுவர்களில் தாவுபவர்கள் அணிவது மென்சப்பாத்து. பார்வைக்கு ஒரே விளையாட்டு, காலளவில் இரண்டு.

சூரிச்சில் இருக்கும் என் தமக்கையின் மகன் இளவயதில் அங்கு போனவன்; இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒரு குளிர்காலத்தில் அவனுடைய தொடர்மாடியின் நிலவறையில் இந்தச் சாமான்களையெல்லாம் முதன்முறையாகத் தொட்டுப் பார்த்தேன். ஸ்திரிக்கைப் பெட்டி போன்ற ஒன்றைச் சூடாக்கி, மெழுகை உருக்கிப் பலகையின் அடியில் தேய்த்துக்கொண்டிருந்தான். அடித்தகட்டில் இரு வகை உண்டாம். துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்தது மெழுகைக் குடிக்கும், வேகமாக ஓடும், விலை கூட. உருக்கி இழுத்தது மலிவு, குடிப்பது குறைவு, பழுது பார்ப்பது இலகு. புளோரின் கலந்த மெழுகு மிக வேகமானது. ஆனால் மண்ணிலும் நீரிலும் அழியாது தங்குவதால் சர்வதேச ஸ்கீச் சம்மேளனம் 2023-24 பருவம் முதல் அதைப் போட்டிகளில் முற்றாகத் தடைசெய்துவிட்டது. சம்மேளனங்களைக் குறை சொல்லியே பழகிய எனக்கு இந்தத் தடை நியாயமாகவே படுகிறது. ஒருவனுடைய மெழுகு பலருடைய குடிநீரில் கலப்பதைத் தெரிவுச் சுதந்திரம் என்று சொல்லமுடியாது.

“எதை முதலில் வாங்கவேணும்?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். “மாமா, எல்லாரும் பலகையின்ரை படத்தைப் பாத்துத்தான் வாங்குவினம். பலகையை வாடகைக்கும் எடுக்கலாம். சப்பாத்து காலுக்குச் சரியில்லாட்டில் அழுதுகொண்டுதான் இறங்கவேணும்.”

இதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். குதி எழும்பாமலும் விரல் நசியாமலும் இருக்கும் சப்பாத்து கிடைத்த பிறகே மற்றவை. அவன் வலக்காலை முன்வைப்பவன். இடக்கால் முன்னென்றால் ‘ரெகுலர்’, வலக்கால் முன்னென்றால் ‘கூஃபி’ என்று அலைச்சறுக்கல்காரரின் பெயர்கள் இங்கேயும் வழங்குகின்றன. எது எவருக்கு என்பதை எந்தக் கடைக்காரனும் தீர்மானிக்க முடியாது. பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுவே. இரு பூட்டுகளுக்கும் இடையிலான தூரம், ஒவ்வொரு பாதத்தின் கோணம், முதுகுத் தகட்டின் சாய்வு எல்லாவற்றையும் ஒரு திருப்புளியால் ஒருவன் தானே மாற்றிக்கொள்ளலாம். ஸ்கீயில் இந்த அளவுக்கு இடமில்லை. 1990களின் முற்பகுதியில் சக்கரப் பலகையிலிருந்து வந்த பையன்கள் இதை எல்லைவரை கொண்டுபோனார்கள். கால்களை அகல விரித்து வைத்தார்கள். முன்முனை தேவையில்லை என்று வாளால் அரிந்தும்விட்டார்கள். கொம்பனிகள் முதலில் திகைத்தன. பின் குட்டை முனைப் பலகைகளை அச்சடித்ததுபோல் வெளியிட்டன.

பெண்களின் நிலை வேறு. ஆண்களுக்கான பலகையின் சிறிய அளவே நெடுங்காலம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. நீளம் குறைந்தாலும் இடுப்பகலம் குறையவில்லை. சிறிய பாதம் அகன்ற பலகையின் விளிம்பை எட்டாது; ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறப் பலம் வீணாகும். 1994 அளவில் ஷானன் டன், ரீனா பசிச் போன்ற அமெரிக்க வீராங்கனைகளின் பெயரில், அவர்கள் சொன்ன அளவில், பலகைகள் வெளிவந்தன. டன் 1998 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

கொம்பனிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான இழுபறியில் மறக்க முடியாத காட்சி கிரெய்க் கெலியுடையது. நான்கு தடவை உலக வாகை சூடியவர். சிம்ஸ் கொம்பனிக்காக ஓடியவர், 1980களின் இறுதியில் பேர்ட்டனிடம் போக விரும்பினார். வழக்காகியது. வழக்குத் தீரும்வரை பேர்ட்டனின் பெயர் பொறித்த பலகையில் அவர் தோன்ற முடியாது. கெலி என்ன செய்தார்? பெயரோ படமோ எதுவுமில்லாத கறுப்புப் பலகையில் இறங்கினார். பலகையின் அடியில் தம் பெயரைப் பெரிதாய் எழுதிவைத்து, வீரன் தாவும்போது அது படத்தில் விழவேண்டும் என்று கணக்குப் போடும் வணிகத்தில் இதைவிடச் சத்தமான மௌனம் இருந்திருக்காது. கறுப்புப் பலகையைப் பார்த்தவர்களெல்லாம் அது எவருடையது என்று அறிந்திருந்தார்கள். பேர்ட்டன் பின்னர் அதையே ‘மிஸ்ரறி எயர்’ என்ற பெயரில் விற்றது. ஆக, மௌனமும் கடைசியில் விளம்பரமாயிற்று. நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் தணிக்கையாளர் நீக்கிய பத்திகளுக்குப் பதிலாக வெற்றிடம் விட்டு அச்சிட்ட நாட்கள் உண்டு. அந்த வெற்றிடத்தைத்தான் வாசகர் முதலில் வாசிப்பார்கள். கெலியின் பலகையைப் படத்தில் பார்த்தபோது அந்த ஞாபகம் வந்தது.

1998 பெப்ரவரி. ஜப்பானின் நாகானோவில் குளிர்கால ஒலிம்பிக். பனிப்பலகை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அப்போது நான் வெளிநாட்டுச் செய்தி மேசையில் இருந்தேன். முதல் தங்கத்தை வென்ற கனடாவின் றொஸ் றெபக்லியாற்றியிடம் கஞ்சாவின் தடயம் காணப்பட்டதாகவும், பதக்கம் பறிக்கப்பட்டதாகவும், தடைப் பட்டியலில் அது முறைப்படி இல்லையென்பதால் திருப்பிக் கொடுக்கப்பட்டதாகவும் முகவர் செய்திகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மேசையில் பெரிய விவாதம். “பலகையில வழுக்கினதுக்கும் பதக்கமோ?” என்றார் மூத்த பிழைதிருத்துநர் ஒருவர். உலகெங்கும் பத்திரிகைகள் கஞ்சாவைத்தான் தலைப்பாக்கின.

அந்த வாரத்தின் பெரிய செய்தி வராதவர் ஒருவரைப் பற்றியது. நோர்வேயின் ரெர்யே ஹாகொன்சன் அரைக்குழாயில் அக்காலத்தின் தலைசிறந்த வீரர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவர் நாகானோவுக்குச் செல்ல மறுத்தார். பனிப்பலகைக்காரருக்கெனத் தனிச் சம்மேளனம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒலிம்பிக் குழுவோ அதை ஒதுக்கிவிட்டு, ஸ்கீச் சம்மேளனத்திடம் விளையாட்டை ஒப்படைத்தது. பத்து வருடங்களுக்கு முன் எங்களை மலைக்குள் விடாதவர்கள் இன்று எங்கள் விதிகளை எழுதுவதா என்பது வீரர்களின் கோபம். எந்தச் சீருடை, எவருடைய சின்னம், எங்கே எத்தனை பெரிதாய் என்பதெல்லாம் அந்த விதிகளுக்குள் அடக்கம். அரைக்குழாயில் தங்கம் சுவிற்சர்லாந்தின் ஜியான் சிமெனுக்குப் போனது. திறமையான வெற்றிதான். எனினும் ஹாகொன்சன் இருந்திருந்தால் என்ற கேள்வி அந்தப் பதக்கத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வீரர்களின் சொந்தச் சம்மேளனம் 2002 இல் கலைந்தது. வழக்கின் இந்தப் பகுதியில் தீர்ப்பு சம்மேளனத்தின் பக்கம்.

கொம்பனிகள் தோற்ற பகுதி சுவையானது. பூட்டைப் போடப் பனியில் குந்தியிருந்து வார்களை இறுக்குவது தொடக்கக்காரருக்கு எரிச்சல். வாடகைக் கடைக்காரருக்கும் நேரச் செலவு. 1990களின் நடுப்பகுதியில், சைக்கிள் மிதிகட்டையில் சப்பாத்தைக் ‘கிளிக்’ என்று பூட்டும் முறையை அறிந்த ஜப்பானின் ஷிமானோவும், கே-2 கொம்பனியும் சேர்ந்து மிதித்தால் பூட்டிக்கொள்ளும் ‘கிளிக்கர்’ முறையைக் கொண்டுவந்தன. ‘சுவிற்ச்’ என்றொரு முறை வந்தது. பேர்ட்டனும் தன்னுடையதை இறக்கியது. இனி வார் பூட்டு அருங்காட்சியகத்துக்குத்தான் என்று விளம்பரக்காரர் நம்பினார்கள். நடந்தது வேறு. சப்பாத்தின் அடியில் இருந்த உலோகத்துக்குள் பனி அடைந்து உறைந்தது. பூட்டைத் தாங்க அடிப்பாகம் விறைப்பாக இருக்கவேண்டியதால் பாதம் பலகையை உணரவில்லை. நல்ல வீரர்கள் ஒவ்வொருவராக வாருக்குத் திரும்பினார்கள். 2000களின் முற்பகுதியில் அந்த முறைகளெல்லாம் ஏறக்குறைய மறைந்துபோயின. 2017 இல் பேர்ட்டன் ‘ஸ்ரெப் ஒன்’ என்று மறுபடி முயன்றது. இம்முறை உலோகத்தை அடியிலிருந்து நீக்கி, குதியில் ஒன்றும் விரற்பக்கத்தில் இரண்டுமாகக் கொளுவிகளை வைத்தார்கள். பலர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பூட்டை வாங்கினால் அதற்கென்றே செய்த சப்பாத்தைத்தான் வாங்கவேண்டும். காலுக்குப் பொருந்துகிற சப்பாத்து வேறெங்கோ இருந்தால் பயனில்லை.

துளைகளின் கதையும் இதே இனம். பூட்டைப் பலகையில் திருகுவதற்கான துளைகள் பெரும்பாலான கொம்பனிகளிடம் சதுரமாக நான்கு. பேர்ட்டன் மட்டும் நெடுங்காலம் முக்கோணமாக மூன்று வைத்தது; பின் துளைகளையே விட்டு ஒரு நீண்ட பள்ளத்தை வைத்தது. தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தன, உண்மை. பள்ளத்தில் பூட்டை விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம். ஆயினும் ஒரு வீட்டின் சாவி மற்ற வீட்டுக்குப் பொருந்தக்கூடாது என்ற வணிக ஆசையும் அதற்குள் ஒளிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். கடைசியில் பூட்டுச் செய்பவர்கள் எல்லாத் துளைக்கும் பொருந்தும் வட்டத் தகடுகளைப் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். மருமகனின் நிலவறையில் ஒரு பிஸ்கற் ரின் நிறைய அத்தகடுகள்தான்.

சரியான தளபாடம்தான் வெற்றி தரும் என்ற நம்பிக்கையைக் கலைத்தவர் ஒரு பனிப்பலகைக்காரி. செக் குடியரசின் எஸ்ரர் லெடெட்ஸ்கா 2018 இல் தென்கொரியாவின் பியொங்சாங் ஒலிம்பிக்குக்கு இரண்டு விளையாட்டுகளிலும் போட்டியிட வந்தார். பலகையில் அவர் உலக வாகையர். ஸ்கீயில் எவரும் கணக்கெடுக்காதவர். பெப்ரவரி 17 அன்று சூப்பர்-ஜி ஸ்கீ ஓட்டத்தில் 26ஆம் இலக்கத்தோடு இறங்கினார். காலில் இருந்தவை அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் பாவித்த ஸ்கீக்கள். முன்னிலையில் இருந்த ஒஸ்ரியாவின் அனா வைற்றைத் தங்கம் வென்றவராக அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவித்துவிட்டு வேறு போட்டிக்குப் போய்விட்டிருந்தது. லெடெட்ஸ்கா ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கினால் வென்றார். பலகையைப் பார்த்து நம்பமுடியாமல் நின்ற அந்த முகத்தை வாசகர்கள் பார்த்திருக்கலாம். ஒப்பனை செய்துகொண்டு வரவில்லை என்று கூறி, பனிக்கண்ணாடியைக் கழற்றாமலேயே செய்தியாளர் மாநாட்டில் அமர்ந்தார். ஒரு வாரம் கழித்துத் தன் சொந்தப் பலகையில் சமாந்தர ராட்சத ஸ்லாலத்திலும் தங்கம் வென்றார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் வெவ்வேறு இரு விளையாட்டுகளில் தங்கம் வென்ற முதற் பெண் அவரே.

இதுவரை சொன்னவற்றில் தோல்வியென்றால் பதக்கம்தான் போகும். உயிர் போகும் இடத்தில் தெரிவு என்ற சொல்லுக்கே வேறு பொருள்.

1990களின் படங்களில் அரைக்குழாய் வீரர்கள் கம்பளித் தொப்பியோடு பறப்பார்கள். தலைக்கவசம் அணிவது பயந்தவனின் அடையாளமாகக் கருதப்பட்டது. அமெரிக்காவின் கெவின் பியர்ஸ் 2009 டிசம்பர் 31 அன்று, வான்கூவர் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்க, யூட்டாவின் பார்க் சிற்றியில் பயிற்சியின்போது விழுந்தார். மூளையில் கடும் காயம். தலைக்கவசம் அணிந்திருந்தார், அதனால்தான் பிழைத்தார். மீண்டும் போட்டிக்கு வரவில்லை. இன்று உலக மட்ட அரைக்குழாய்ப் போட்டிகளில் தலைக்கவசமின்றி இறங்க முடியாது. இந்த விதியை எதிர்த்து எவரும் கறுப்புப் பலகையில் இறங்கவில்லை.

மலையின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால், மின்தூக்கி இல்லாத இடத்துக்குச் செல்பவர்களின் சாமான் இன்னும் வேறு. ஸ்கீக்காரன் சறுக்குகட்டையின் அடியில் தோற்பட்டை ஒட்டி மேலே ஏறலாம். பலகைக்காரன் முழங்கால் ஆழப் பனியில் பலகையை முதுகில் சுமந்து நடக்கவேண்டியிருந்தது. இதற்கு யூட்டாவின் வொயிலே என்ற சிறு கொம்பனி 1990களில் ஒரு வழி சொன்னது: பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடு. ஏறும்போது இரு பாதிகளும் ஸ்கீ. இறங்கும்போது பூட்டிச் சேர்த்தால் பலகை. அவர்கள் தொடக்கத்தில் விற்றவற்றுள் ஒன்று பலகையல்ல, உதிரிப்பாகங்கள் அடங்கிய ஒரு பெட்டி. வாங்குபவன் தன் பலகையைத் தானே வாளால் அரியவேண்டும். பல நூறு டொலர் கொடுத்து வாங்கிய பலகையை நடுவால் அரிவதற்கு எப்படியான நெஞ்சுரம் வேண்டும்! பொப்பன் இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பலகை செய்தார்; இவர்கள் பலகையைப் பிரித்து ஸ்கீயாக்கினார்கள்.

கறுப்புப் பலகையில் இறங்கிய கிரெய்க் கெலி போட்டிகளைத் துறந்தபின் நாடியது இந்த அமைதியான மலைகளைத்தான். கனடாவில் மலைவழிகாட்டியாகத் தகுதிபெறப் பயின்றுகொண்டிருந்தார். 2003 ஜனவரி 20 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் றெவல்ஸ்ரோக் அருகே பனிச்சரிவில் சிக்கி இறந்த ஏழு பேரில் ஒருவர் அவர். நாகானோவில் பெண்களுக்கான முதற் பனிப்பலகைத் தங்கத்தை வென்ற பிரான்ஸின் கறீன் ரூபியும் அதே வழியில் சென்றவர். வழிகாட்டிப் பயிற்சியில் இருந்தபோது 2009 மேயில் மொன் பிளாங்கில் பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்தார். இருவரிடமும் தளபாடத்துக்கோ அறிவுக்கோ குறைவிருக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் செல்பவர் ஒவ்வொருவரும் மூன்று பொருட்களைக் கொண்டுசெல்லவேண்டும் என்பது இன்று எங்கும் ஏற்கப்பட்டது. உடலோடு கட்டிய வானொலிச் சமிக்ஞைக் கருவி, மடித்து வைக்கும் நீண்ட துளைகோல், அலுமினிய மண்வாரி. 457 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் உலகின் எல்லாக் கருவிகளும் பேசுகின்றன. துளைகளில் ஒத்துவராத கொம்பனிகள் இதில் மட்டும் ஒத்துவந்தன. பனிக்கு அடியில் புதைந்தவரை முதற் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால்தான் நல்ல வாய்ப்பு. அதன்பின் அது செங்குத்தாக விழுகிறது. மீட்புக் குழு வந்துசேர அந்த நேரம் போதாது. ஆகவே ஒருவனுடைய கருவி அவனுக்குப் பயன்படுவதைவிட மற்றவர்கள் அவனைத் தேடுவதற்கே பயன்படுகிறது. அவனுடைய மண்வாரியோ இன்னொருவனுக்காகச் சுமப்பது.

ஏறத் தொடங்குமுன் குழுவில் ஒருவர் சில அடி தள்ளிப்போய் நிற்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, அவரைக் கடந்து நடப்பார்கள். அவருடைய கருவி ஒவ்வொருவருக்கும் ஒருமுறை கீச்சிடவேண்டும். கீச்சிடாவிட்டால் அந்த ஆள் அன்றைக்கு மேலே போவதில்லை, அவர் பலகை எவ்வளவு விலையென்றாலும்.